கூடிப் பின்னுவோம், கூலியை அறிவோம்

பனி மூடும் பள்ளத்தாக்கு

இமாச்சலப் பிரதேசம் வட இந்தியாவில் உள்ள ஒரு மலை மாநிலம். அங்கே லாஹௌல் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. கேலாங் அதன் முக்கிய ஊர். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது.

அங்கே கோடை குறுகியது. அந்தச் சில மாதங்களில்தான் விவசாயம் நடக்கும். பட்டாணியும் உருளைக்கிழங்கும் விளையும். பிறகு பனி பெய்யத் தொடங்கும். வயல் மூடிவிடும். பாதையும் மூடிவிடும்.

லாஹௌல் செல்லும் பழைய பாதை ரோதாங் கணவாய் வழியாகப் போகிறது. அந்தக் கணவாய் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் பல மாதங்கள் அதில் யாரும் போக முடியாது. 2020 அக்டோபரில் மலையைக் குடைந்த சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 9 கிலோமீட்டர். அதற்கு முன்பு லாஹௌல் மக்கள் ஆண்டில் பாதி நாட்கள் வெளி உலகத்தை விட்டுப் பிரிந்தே வாழ்ந்தார்கள்.

அந்த நாட்களில் பெண்கள் என்ன செய்தார்கள்? அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆட்டுக் கம்பளி நூலை எடுத்தார்கள். காலுறையும் கையுறையும் பின்னினார்கள். இன்றும் பின்னுகிறார்கள்.

லாஹௌல் காலுறையில் பல வண்ணங்கள் இருக்கும். அழகான வடிவங்கள் இருக்கும். 2021-ல் லாஹௌல் காலுறைக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இது இந்த ஊரின் பொருள் என்று சட்டப்படி பதிவு செய்துவிட்டார்கள். வேறு ஊரில் செய்த பொருளை லாஹௌல் காலுறை என்று சொல்லி விற்கக் கூடாது.

பின்னல் எப்படி வந்தது?

இந்தப் பின்னல் வேலை லாஹௌலில் ஆதி காலம் தொட்டு இருந்த வேலை அல்ல. 1850-களில் ஜெர்மனியிலிருந்து மொரேவியன் சபையார் கேலாங்குக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹைடே. 1859-ல் அவரைத் திருமணம் செய்துகொண்டவர் மரியா ஹைடே. இருவரும் சுமார் 40 ஆண்டுகள் அந்த ஊரில் வாழ்ந்தார்கள்.

மரியா ஹைடே அங்கே பெண்களுக்காக ஒரு பின்னல் பள்ளி நடத்தினார். பெண்கள் கூடி உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். பிறகு அவர்களே ஆசிரியர் ஆனார்கள். தாய் மகளுக்குக் கற்றுக் கொடுத்தாள். மாமியார் மருமகளுக்குக் கற்றுக் கொடுத்தாள். பள்ளி நடத்தியவர்கள் போன பிறகும் வேலை நிலைத்தது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனதால்தான் அது நிலைத்தது.

சங்கத்துக்கு இரண்டு வேலை

ஒரே தொழில் செய்பவர்கள் கூடி அமைப்பது சங்கம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பின்னல்காரர்களுக்குச் சங்கம் இருந்தது. தொழில் கற்க வருபவர் ஓர் ஆசானிடம் பல ஆண்டுகள் இருப்பார். முடிவில் தன் கையால் ஒரு பொருள் செய்து சங்கத்தார் முன் வைப்பார். அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் அவரும் ஆசான்.

அந்தச் சங்கம் இரண்டு வேலைகளைச் செய்தது.

முதல் வேலை, தொழிலைச் சரியாகக் கற்றுக் கொடுப்பது.

இரண்டாவது வேலை, அந்தத் தொழிலின் மதிப்பைக் காப்பது. மட்டமான பொருள் சந்தைக்குப் போகக் கூடாது. பாடுபட்டவருக்கு உரிய விலை கிடைக்க வேண்டும்.

இந்தப் பாடத்தில் அந்த இரண்டையும் பார்ப்போம். முதலில் பின்னலைக் கற்போம். பிறகு அதன் விலையைக் கணக்கிடுவோம்.

என்னென்ன வேண்டும்?

கம்பளிப் பின்னலுக்கு அதிகச் சாமான் வேண்டாம். இரண்டு பின்னல் ஊசி வேண்டும். ஒரு கட்டு நூல் வேண்டும். ஒரு கத்தரிக்கோல், ஓர் அளவு நாடா, முனை மழுங்கிய பெரிய தையல் ஊசி ஒன்று வேண்டும். ஒரு நோட்டும் பென்சிலும் கட்டாயம் வேண்டும்.

பின்னல் ஊசிக்கு எண் உண்டு. நம் நாட்டுக் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்களே இன்னும் வழக்கத்தில் உள்ளன. இதில் ஒரு விசித்திரம். எண் கூடினால் ஊசி மெலியும். 8-ஆம் எண் ஊசியின் தடிமன் 4 மில்லிமீட்டர். 10-ஆம் எண் ஊசியின் தடிமன் 3.25 மில்லிமீட்டர். புதிதாகக் கற்பவர் 8-ஆம் எண் ஊசியை வாங்குவது நல்லது. மிக மெல்லிய ஊசியில் கண்ணி சிறிதாக விழும். கண் வலிக்கும்.

கற்கும்போது வெளிர் நிற நூல் வாங்குங்கள். கருப்பு நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. பிழையும் தெரியாது.

நூல் கட்டின் மேல் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். அதைப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். அதைப் படியுங்கள். எடை எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். எந்த ஊசி பொருந்தும் என்று இருக்கும். துவைக்கும் முறை இருக்கும். சாயத் தொகுதி எண்ணும் இருக்கும்.

சாயத் தொகுதி எண் என்றால் என்ன? நூலைப் பெரிய தொட்டியில் போட்டுச் சாயம் ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் நிறம் சிறிது மாறும். கட்டாகப் பார்த்தால் அந்த வேறுபாடு தெரியாது. பின்னி முடித்த பிறகு கோடு போட்டது போலத் தெரியும். அதனால் ஒரு பொருளுக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே எண்ணில் வாங்க வேண்டும். எண்ணைப் படிக்கத் தெரிந்தவரைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது.

நான்கு பாடங்கள்

நூல் வளையம் ஒவ்வொன்றையும் கண்ணி என்று சொல்வோம். ஊசியில் வரிசையாக நிற்கும் கண்ணிகளை ஒரு வரிசை என்று சொல்வோம். பின்னல் முழுவதும் நான்கு வேலைகளில் அடங்கும்.

பாடம் 1: கண்ணி ஏற்றுதல்

நூல் நுனியில் ஒரு சுருக்கு முடிச்சுப் போடுங்கள். அதை இடது கை ஊசியில் மாட்டுங்கள். இதுவே முதல் கண்ணி. வலது ஊசியை அந்தக் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் நுழையுங்கள். வலது ஊசி முனையில் நூலைச் சுற்றுங்கள். சுற்றிய நூலைக் கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். புது வளையம் கிடைக்கும். அதை இடது ஊசியில் மாட்டுங்கள். இப்போது கண்ணி இரண்டு. இப்படியே 20 கண்ணி ஏற்றுங்கள்.

பாடம் 2: நேர்ப் பின்னல்

நூல் பின்பக்கம் இருக்கட்டும். வலது ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் நுழையுங்கள். நூலைச் சுற்றுங்கள். வளையத்தை முன்னால் இழுங்கள். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். புதுக் கண்ணி வலது ஊசியில் இருக்கும். நுழை, சுற்று, இழு, விடு. இந்த நான்கு சொல்லை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பின்னுங்கள். கை தானாகப் பழகும்.

பாடம் 3: எதிர்ப் பின்னல்

இப்போது நூலை முன்பக்கம் கொண்டு வாருங்கள். வலது ஊசியைக் கண்ணியின் முன்பக்கமாக, வலமிருந்து இடமாக நுழையுங்கள். நூலைச் சுற்றுங்கள். வளையத்தைப் பின்னால் தள்ளுங்கள். பழைய கண்ணியை விடுங்கள்.

வட மாநிலங்களில் நேர்ப் பின்னலைச் ‘சீதா’ என்றும் எதிர்ப் பின்னலை ‘உல்டா’ என்றும் சொல்வார்கள்.

எல்லா வரிசையும் நேராகப் பின்னினால் இரண்டு பக்கமும் மேடு பள்ளமாக இருக்கும். ஒரு வரிசை நேர், ஒரு வரிசை எதிர் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் ஒரு பக்கம் வழுவழுப்பாக வரும். ஒரே வரிசையில் 2 நேர், 2 எதிர் என்று பின்னினால் துணி ரப்பர் போல இழுபடும். காலுறையின் மேல் விளிம்பில் இந்தப் பின்னலைத்தான் போடுவார்கள். அதனால் காலுறை நழுவாமல் நிற்கும்.

பாடம் 4: முடித்தல்

2 கண்ணி நேராகப் பின்னுங்கள். முதல் கண்ணியைத் தூக்கி, இரண்டாவது கண்ணியின் மேலாகத் தாண்ட வைத்துக் கீழே விடுங்கள். ஒரு கண்ணி மிஞ்சும். இன்னும் ஒரு கண்ணி பின்னுங்கள். மீண்டும் தாண்ட விடுங்கள். கடைசிக் கண்ணி வந்ததும் நூலை வெட்டுங்கள். நுனியை அந்தக் கண்ணிக்குள் விட்டு இழுங்கள். இறுக்கமாக முடிக்காதீர்கள். இறுக்கினால் விளிம்பு சுருங்கும்.

தனியே கற்பது ஏன் கடினம்?

மேலே படித்ததை வைத்துத் தனியாகவும் கற்கலாம். ஆனால் ஒரு தொல்லை உண்டு. பிழை எங்கே என்று புதியவருக்குத் தெரியாது. பத்து வரிசை தாண்டிய பிறகுதான் ஓட்டை தெரியும். அழுகை வரும். ஊசியைத் தூக்கிப் போடத் தோன்றும்.

சங்கத்தில் பத்துப் பேர் கூடியிருந்தால் இப்படி நடக்காது. ஒரு சங்கத்தில் ஒரு பாட்டியும் ஒரு மருமகளும் இப்படிப் பேசிக்கொள்ளலாம்.

“பாட்டி, இருபது கண்ணி இருந்தது. இப்போ பத்தொன்பதுதான் இருக்கு.”

“பயப்படாதே கண்ணு. எங்கேயும் ஓடிப்போயிருக்காது. அப்படியே மடியிலே விரிச்சு வை. ஊசியை உருவாதே.”

“இதோ பாட்டி! இங்கே ஏணி மாதிரி நூல் தெரியுது.”

“அதுதான். ஏணிக்கு அடியிலே ஒரு கண்ணி திறந்து நிக்கும் பாரு. அதிலே கொக்கி ஊசியை விடு. மேலே உள்ள நூலை ஒவ்வொரு படியா இழுத்துக்கிட்டு ஏறி வா.”

“வந்துடுச்சு பாட்டி! நான் எல்லாத்தையும் பிரிக்கணும்னு நினைச்சேன்.”

“எனக்கும் ஒருத்தி சொல்லித்தான் தெரியும். சரி, காலுறைக்குக் குதிகால் திருப்பறேனே, அது எத்தனை கண்ணின்னு நான் சொல்றேன். நீ நோட்டிலே எழுது. எனக்கு அப்பப்போ மறந்து போகுது.”

“சொல்லுங்க பாட்டி, எழுதறேன்.”

இதைக் கவனியுங்கள். பாட்டிக்குக் கை தெரியும். மருமகளுக்கு எழுத்து தெரியும். பாட்டியின் கையில் உள்ளதை எழுதி வைக்காவிட்டால் அது அவரோடு போய்விடும். எழுதி வைத்தால் ஊருக்கே சொத்து. எழுத்து கற்ற நீங்கள் சங்கத்துக்கு வெறுங்கையோடு போகவில்லை. உங்களிடமும் கொடுக்க ஒன்று இருக்கிறது.

எழுதிப் பின்னுவோம்

பின்னல் குறிப்பு எழுதுவது எளிது. நேர்ப் பின்னலுக்கு ‘நே’ என்று எழுதுங்கள். எதிர்ப் பின்னலுக்கு ‘எ’ என்று எழுதுங்கள். கண்ணியின் எண்ணிக்கையை முன்னால் எழுதுங்கள்.

இதோ கழுத்தில் சுற்றும் மப்ளருக்கு ஒரு குறிப்பு.

கண்ணி ஏற்று: 40.
வரிசை 1: 2 நே, 2 எ. கடைசி வரை இப்படியே.
மற்ற எல்லா வரிசையும்: வரிசை 1 போலவே.
நீளம் 150 சென்டிமீட்டர் வந்ததும் முடி.

அவ்வளவுதான். இரண்டு வரியைப் படிக்கத் தெரிந்தால் ஒரு மப்ளர் பின்னலாம்.

இதில் 40 கண்ணி என்று எப்படி முடிவு செய்தோம்? குத்துமதிப்பாக அல்ல. முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்ன வேண்டும். அதே நூல், அதே ஊசி, அதே பின்னல். அதை மேசையில் இழுக்காமல் விரித்து வைக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். 10 சென்டிமீட்டர் உயரத்தில் எத்தனை வரிசை என்றும் எண்ண வேண்டும்.

10 சென்டிமீட்டர் அகலத்தில் 20 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். மப்ளரின் அகலம் 20 சென்டிமீட்டர் வேண்டும். அப்படியானால் 40 கண்ணி.

ஒருவர் இறுக்கிப் பின்னுவார். இன்னொருவர் தளர்த்திப் பின்னுவார். அதனால் ஒவ்வொருவரும் தன் கைக்குத் தானே மாதிரித் துண்டு பின்ன வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்கினால் பெரியவருக்குப் பின்னிய தொப்பி குழந்தைக்குத்தான் சேரும்.

16,800 கண்ணிகள்

இனிச் சங்கத்தின் இரண்டாவது வேலைக்கு வருவோம். அது விலை.

மாதிரித் துண்டில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 28 வரிசை வந்தது என்று வைத்துக்கொள்வோம். மப்ளரின் நீளம் 150 சென்டிமீட்டர். ஆகவே 28 × 15 = 420 வரிசை.

ஒரு வரிசைக்கு 40 கண்ணி. 420 × 40 = 16,800 கண்ணி.

ஒரு மப்ளரில் 16,800 கண்ணிகள்! ஒவ்வொரு கண்ணிக்கும் நுழை, சுற்று, இழு, விடு என்று கை வேலை செய்கிறது.

பழகிய கை நிமிடத்துக்கு 20 கண்ணி பின்னுகிறது என்று வைத்துக்கொள்வோம். 16,800 ÷ 20 = 840 நிமிடம். 60 நிமிடம் ஒரு மணி நேரம். 840 ÷ 60 = 14 மணி நேரம்.

“சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பின்னியதுதானே” என்று சிலர் சொல்வார்கள். 14 மணி நேரம் சும்மா வந்த நேரம் அல்ல. அது உழைப்பு.

நரசாப்பூர் சொல்லும் பாடம்

இந்தச் சொல்லால் பெண்கள் எவ்வளவு இழந்தார்கள் என்பதை இன்னோர் ஊரின் கதை காட்டும். அந்த ஊர் லாஹௌலுக்கு மிகத் தொலைவில், ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. மேற்கு கோதாவரி மாவட்டத்தின் நரசாப்பூர் அது. அங்கே கம்பளி இல்லை. பருத்தி நூலில் கொக்கி ஊசியால் லேஸ் பின்னுகிறார்கள். அந்த வேலையும் 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் வழியாக வந்தது. அந்த லேஸ் பல வெளிநாடுகளுக்குப் போனது.

மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அந்தப் பெண்களோடு பழகி ஒரு புத்தகம் எழுதினார். அது 1982-ல் வெளிவந்தது. அவர் கண்டது இதுதான். வியாபாரியின் ஆள் வீட்டுக்கு வந்து நூல் கொடுப்பார். பெண்கள் வீட்டிலேயே பின்னித் தருவார்கள். வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு, நாள்தோறும் பல மணி நேரம் பின்னினார்கள். கூலி மிகக் குறைவு.

பூப் பின்னுபவர் ஒருவர். பூக்களை இணைப்பவர் வேறொருவர். முழுப் பொருளும் பல பெண்களின் கையில் தங்கவில்லை. அது என்ன விலைக்குப் போகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்றார்கள். அதைக் காரணம் காட்டியே கூலியைக் குறைத்தார்கள்.

அந்தப் பெண்களுக்குத் திறமை குறைவா? இல்லை. அவர்களின் லேஸ் கடல் கடந்து விலை போனது. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனி வீட்டில் தனித்தனியாக இருந்தார்கள். தனியாகக் கூலி கேட்டால், “உனக்கு வேண்டாம் என்றால் பக்கத்து வீட்டில் கொடுக்கிறேன்” என்று சொல்வது எளிது.

பிற்காலத்தில் அங்கேயும் லேஸ் பெண்களுக்கான கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 2024-ல் நரசாப்பூர் லேசுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். ஆனால் கூலியை அது தானாக உயர்த்தாது. அதற்குப் பெண்களின் கூட்டும் கணக்கும் வேண்டும்.

வீட்டில் செய்யும் வேலையும் வேலைதான். இதை நம் நாட்டுப் பெண்கள் உரக்கச் சொன்னார்கள். 1972-ல் எலா பட் அகமதாபாத்தில் ‘சேவா’ என்ற பெண்கள் தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். வீட்டில் சுருட்டும் பெண், தைக்கும் பெண், தெருவில் விற்கும் பெண் என்று பலர் அதில் சேர்ந்தார்கள். 1996-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுத் தொழிலாளருக்காக ஓர் உடன்படிக்கையை ஏற்றது. வீட்டில் இருந்து கூலிக்கு உழைப்பவரை மற்றத் தொழிலாளரைப் போலவே நடத்த வேண்டும் என்பது அதன் சாரம்.

விலை போடுவது எப்படி?

நம் மப்ளருக்கு விலை போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் கணக்குப் பழகுவதற்காக. நீங்கள் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நூல் 200 கிராம்: 160 ரூபாய்
பேருந்துச் செலவில் பங்கு: 20 ரூபாய்
உழைப்பு 14 மணி நேரம், மணிக்கு 40 ரூபாய்: 560 ரூபாய்
சங்க நிதி: 40 ரூபாய்
மொத்தம்: 780 ரூபாய்

ஒரு வியாபாரி வருகிறார். “300 ரூபாய் தருகிறேன்” என்கிறார். 300 ரூபாயைக் கையில் பார்த்தால் பெரிதாகத் தெரியும். கணக்குப் போடுங்கள். நூலும் பேருந்தும் 180 ரூபாய். மீதி 120 ரூபாய். 120-ஐ 14 ஆல் வகுத்தால் மணிக்கு 9 ரூபாய் கூட வராது.

அப்படியானால் எல்லாரும் 780 ரூபாய் கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள். லூதியானா போன்ற நகரங்களில் இயந்திரம் ஆயிரக்கணக்கில் பின்னித் தள்ளுகிறது. அந்த மப்ளர் மலிவு. விலையில் இயந்திரத்தோடு போட்டி போட்டால் நாம் தோற்போம்.

நாம் வேறு வழி பார்க்க வேண்டும். இயந்திரம் செய்யாததை நாம் செய்யலாம். ஆளுக்கு அளவெடுத்துப் பின்னலாம். குழந்தைத் தொப்பி, குழந்தைக் காலணி போன்ற சிறு பொருள் செய்யலாம். அதற்கு நூலும் நேரமும் குறைவு. லாஹௌல் பெண்களைப் போல நம் ஊருக்கென்று ஒரு வடிவத்தை வளர்க்கலாம். வெப்பமான ஊராக இருந்தால் கம்பளிக்குப் பதிலாகப் பருத்தி நூலில் பை, மேசை விரிப்பு பின்னலாம். இடையில் ஆள் இல்லாமல் நேரே விற்கலாம்.

எதைச் செய்தாலும் கணக்கு தெரிய வேண்டும். 780 என்று தெரிந்தவர் 700-க்கு ஒப்புக்கொள்ளலாம். அது அவர் எடுத்த முடிவு. கணக்கு தெரியாதவர் 300-க்குக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்வார்.

சங்கம் தொடங்குவோம்

பின்னல் கற்க விரும்பும் பெண்கள் 10 முதல் 20 பேர் சேர்ந்தால் ஒரு குழு அமைக்கலாம். ஏற்கெனவே சுய உதவிக் குழு இருந்தால் அதிலேயே பின்னல் வகுப்பு நடத்தலாம். நபார்டு வங்கி 1992-ல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. குழுக்களுக்கு ஐந்து விதிகள் உண்டு.

1. தவறாமல் கூட வேண்டும்.
2. தவறாமல் சேமிக்க வேண்டும்.
3. சேமிப்பை உறுப்பினருக்குள் கடனாகக் கொடுக்க வேண்டும்.
4. கடனைக் காலத்தில் திருப்ப வேண்டும்.
5. கணக்கைச் சரியாக எழுத வேண்டும்.

பின்னல் குழுவுக்கு இன்னும் சில வழக்கங்கள் உதவும்.

நூலைக் குழுவாக வாங்குங்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். சாயத் தொகுதி எண்ணும் ஒன்றாக இருக்கும்.

ஊசிகளைப் பொதுவில் வையுங்கள். எல்லா எண்ணும் ஒருவரே வாங்கத் தேவையில்லை. யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்று நோட்டில் எழுதுங்கள்.

கற்றவர் ஒருவர் கல்லாதவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கேலி செய்யாதீர்கள். பிரித்துப் பின்னுவது அவமானம் அல்ல. நூல் வீணாகாது. மறுபடியும் சுற்றிக்கொள்ளலாம்.

விற்கும் முன் எல்லாப் பொருளையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். அளவு சரியா? கண்ணி நழுவியிருக்கிறதா? நூல் நுனிகளை உள்ளே தைத்தாயிற்றா? ஒரு மட்டமான தொப்பி போனால் எல்லாருடைய பெயரும் கெடும்.

துவைக்கும் முறையை ஒரு சீட்டில் எழுதிப் பொருளோடு கொடுங்கள். ‘குளிர்ந்த நீரில் மெதுவாக அலசவும். முறுக்கிப் பிழிய வேண்டாம். கொடியில் தொங்கவிடாமல், தட்டையாக விரித்து நிழலில் உலர்த்தவும்.’ இந்த மூன்று வரி உங்கள் வேலையின் ஆயுளைக் கூட்டும்.

விலையைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். முடிவு செய்த விலைக்குக் கீழே யாரும் தனியாக விற்கக் கூடாது. ஒருவர் குறைத்தால் எல்லாருக்கும் குறையும். ஒருவருக்கு அவசரமாகப் பணம் தேவையா? அவர் பொருளை மலிவாக விற்க வேண்டாம். குழுச் சேமிப்பிலிருந்து கடன் கொடுங்கள். சேமிப்பும் பின்னலும் ஒரே குழுவில் இருப்பதன் நன்மை இதுதான்.

சிந்திப்போம்

1. லாஹௌல் பெண்கள் பின்னலை முதலில் எங்கே கற்றார்கள்? பிறகு அது எப்படிப் பரவியது?
2. நரசாப்பூர் பெண்களுக்குத் திறமை இருந்தும் கூலி ஏன் குறைவாக இருந்தது?
3. உங்கள் ஊரில் பெண்கள் வீட்டிலிருந்தே கூலிக்குச் செய்யும் வேலைகள் எவை? அந்தப் பொருள் கடையில் என்ன விலைக்கு விற்கிறது?
4. உங்கள் ஊரில் முதியவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கைவேலை உண்டா? அதை யார் எழுதி வைக்கலாம்?

கணக்குப் போடுவோம்

1. 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வருகிறது. அகலம் 30 சென்டிமீட்டர் வேண்டும். எத்தனை கண்ணி ஏற்ற வேண்டும்?
2. ஒரு குழந்தைத் தொப்பிக்கு நூல் 40 ரூபாய். பின்ன 4 மணி நேரம். மணிக்கு 40 ரூபாய். சங்க நிதி 10 ரூபாய். விலை என்ன?
3. அதே தொப்பியை ஒருவர் 100 ரூபாய்க்குக் கேட்கிறார். நூல் செலவு போக மணிக்கு என்ன கூலி கிடைக்கும்?

விடைகள்: 1. 66 கண்ணி. 2. 210 ரூபாய். 3. மணிக்கு 15 ரூபாய்.

மூன்றாவது விடையை உங்கள் குழுவில் உரக்கப் படியுங்கள். அந்த விலைக்குக் கொடுக்கலாமா, கூடாதா என்று எல்லாரும் கூடிப் பேசுங்கள்.